கலப்பு மீனும் காட்டு மீனும்: வண்ண மீன் வளர்ப்பில் ஒரு நூற்றாண்டு வழக்கு

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் செக்கச்செவேல் என்ற வாள்வால் மீனைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடைக்காரர்கள் அதை ஸ்வார்ட்டெயில் என்பார்கள். விலை குறைவு, குட்டி போட்டுப் பெருகும், எளிதில் சாகாது. புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு முதலில் எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான். மெக்சிகோ முதல் ஹோண்டுராஸ் வரையுள்ள ஆறுகள் இதன் தாயகம் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். ஆனால் அந்த ஆறுகளில் வலை வீசினால் அகப்படுவது பச்சை மினுங்கும் உடலும் பக்கவாட்டில் கோடும் உள்ள மீன். கடையில் இருக்கும் முழுச் சிவப்பு மீன் மனிதர் உண்டாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் வாள்வாலையும் அதன் உறவு மீனான பிளாட்டியையும் இணைசேர்த்து, பிளாட்டியின் நிறத்தை வாள்வாலின் உடம்பில் ஏற்றினார்கள். இன்று உலகெங்கும் விற்கும் வாள்வாலிலும் பிளாட்டியிலும், ஒன்றில் மற்றதன் மரபணு கலக்காத சரக்கு அரிது.

எனவே, கலப்பினமே கூடாது என்று அடித்துப் பேசுபவரின் வீட்டுத் தொட்டியிலும் கலப்பு மீன் நீந்திக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மீன் வளர்ப்போரிடையே பல பத்தாண்டுகளாக ஓயாத வழக்கு இது. ஆற்றில் உருவான மீனை உருவானபடியே காப்பதுதான் நம் கடமை, இரண்டைக் கலந்து மூன்றாவதைச் செய்வது அழிவு வேலை என்பது ஒரு தரப்பு. நாயையும் கோழியையும் ரோஜாவையும் தலைமுறை தலைமுறையாகக் கலந்தே வளர்த்திருக்கிறோம், மீனுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம் என்பது மறு தரப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்பது குற்றமல்ல. கலந்ததை மறைத்து விற்பது குற்றம், கலக்கக் கூடாத மீனைக் கலப்பது அதைவிடப் பெரிய குற்றம். எது கலக்கக் கூடாத மீன் என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி. அதற்கு விடை மீனின் ரத்தத்தில் இருப்பதைவிட, அந்த மீனைப் பற்றி யாராவது எழுதிவைத்த குறிப்பில்தான் அதிகம் இருக்கிறது.

வாள்வால், பிளாட்டி கதையிலேயே இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த வழக்கின் எல்லா இழைகளும் அதில் இருக்கின்றன. மெக்சிகோவின் ஜமாபா ஆற்றுப் பிளாட்டிகள் சிலவற்றின் முதுகுத் துடுப்பில் சிறு கரும்புள்ளிகள் உண்டு. அந்த மீனுக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை. அப்படிப்பட்ட பிளாட்டியை வாள்வாலோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் புள்ளிகள் பெருத்துத் துடுப்பே கறுத்துவிடும். அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் அவற்றை மீண்டும் வாள்வாலோடு சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய கால்வாசிக் குட்டிகளுக்குத் தோலில் கருநிறமிப் புற்றுநோய் வரும். துடுப்பின் அடியில் கறுப்புக் கட்டி எழும்பும், சதைக்குள் இறங்கும், துடுப்பையும் அரித்துவிடும். 1920களின் இறுதியில் அமெரிக்காவில் மைரன் கோர்டனும் ஜெர்மனியில் கர்ட் கோஸ்விக்கும் தனித்தனியே இதை ஆராய்ந்தார்கள். நிறமி உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் மரபணு ஒன்றும், அதை அடக்கி வைக்கும் மரபணு இன்னொன்றும் பிளாட்டியின் உடலில் வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன. கலப்பில்லாத பிளாட்டியில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் ஆபத்தில்லை. வாள்வாலோடு திரும்பத் திரும்பக் கலக்கும்போது சில குட்டிகளுக்குத் தூண்டும் மரபணு மட்டும் போய்ச் சேர்கிறது, அடக்கும் மரபணு கைநழுவிப் போகிறது. தூண்டும் மரபணு எது என்பது 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதரின் பல புற்றுநோய்களில் பங்குள்ள ஒரு மரபணுவுக்கு அது நெருங்கிய உறவு. புற்றுநோய் மரபுவழி வரக்கூடும் என்பதற்குக் கிடைத்த தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று, வீட்டுத் தொட்டியில் வளரும் மீனிலிருந்து வந்தது.

கோஸ்விக் 1937இல் நாஜி ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போனார். ரத்தத் தூய்மை என்ற பொய்யின் பெயரால் மனிதர்களை வேட்டையாடிய நாடு அது. சாதியின் பெயரால் நடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கும் ‘தூய இனம்’ என்ற பேச்சு உறுத்தத்தான் செய்யும், உறுத்தவும் வேண்டும். மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம். அங்கே தூய்மை பேச அறிவியலில் இடமே இல்லை. இங்கே பேசுவதோ நெடுங்காலம் தனித்தனியே பிரிந்து வளர்ந்து, தனித்தனி மரபணு ஒழுங்கை அமைத்துக்கொண்ட வெவ்வேறு சிற்றினங்களைப் பற்றி. ஒரு ஒழுங்குக்குள் அடங்கியிருக்கும் மரபணு இன்னொன்றுக்குள் போனதும் கட்டவிழ்ந்துவிடலாம் என்பதைத்தான் அந்தக் கறுப்புக் கட்டி காட்டியது.

அந்த ஆய்விலிருந்து மீன் வளர்ப்போர் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. முதல் கலப்புத் தலைமுறை பெரும்பாலும் வாட்டசாட்டமாகவே இருக்கும். வேகமாக வளரும், நோயைத் தாங்கும். கலப்பு வீரியம் என்று வேளாண்மையில் சொல்வது இதையே. கலப்பினத்தை ஆதரிப்பவர்கள் காட்டும் மீன்கள் அனேகமாக இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. சிக்கல் வருவது இரண்டாவது, மூன்றாவது தலைமுறையில். விற்றவர் கண்ணில் படுவது வீரியம், வாங்கிக் குட்டி எடுத்தவர் தலையில் விழுவது கோளாறு. இரு தரப்பும் தம் தொட்டியில் கண்டதை நேர்மையாகச் சொல்லியும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பொய்யாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

கோளாறு முதல் தலைமுறையிலேயே வெளிப்படையாகத் தெரியும் மீனும் உண்டு. கிளிமீன் என்றும் பேரட் என்றும் நம் கடைகளில் விற்கும் ஆரஞ்சு நிற மீன் 1980களின் நடுவில் தைவானில் உருவாக்கப்பட்டது. மத்திய அமெரிக்க சிக்லிட் மீன்கள் இரண்டின் கலப்பு அது. மிடாஸ் சிக்லிட்டும் ரெட்ஹெட் சிக்லிட்டும் என்பது பரவலான கருத்து. உருவாக்கியவர்கள் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டதால் உறுதியான பதிவு ஏதும் வெளிவரவில்லை. இந்த மீன் இரை எடுப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். வாய் செங்குத்தான சிறு பிளவாக இருக்கும், முழுதாக மூடாது. தரையில் கிடக்கும் உருண்டைத் தீவனத்தைக் கவ்வ முடியாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்து உறிஞ்சும். உறிஞ்சியது பாதி வெளியே வந்து விழும். மறுபடி உறிஞ்சித் தொண்டைப் பற்களால் அரைத்து விழுங்கும். அதே தொட்டியில் வேறு சிக்லிட் இருந்தால் பேரட்டுக்கு மிஞ்சுவது குறைவு. முதுகெலும்பு வளைந்தவையும் உண்டு. ஆண்களில் பெரும்பாலானவை மலடு. பெண் மீன் கல்லைச் சுத்தம் செய்து முட்டையிடும், ஜோடி இரண்டும் காவல் நிற்கும், ஓரிரு நாளில் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்துப் போகும். பின்னும் அவை அடுத்த முறை முட்டையிட்டுக் காவல் நிற்கும். இந்த மீனுக்கு ஊசி வழியே சாயம் ஏற்றி ஊதாவும் பச்சையுமாக விற்பதும், வாலை வெட்டி இதய வடிவம் என்று விற்பதும் தனிக் கொடுமைகள். அவை கலப்பினால் வந்தவை அல்ல, விற்பவரின் பேராசையால் வந்தவை. ஆனால் மூட முடியாத வாய் கலப்பினால் வந்தது, அந்த மீன் சாகும்வரை அதோடுதான் தின்ன வேண்டும். பேரட் அழகாக இருக்கிறது, ஆளை அடையாளம் கண்டு முன்னால் வருகிறது என்று சொல்பவர்கள் உண்மையே சொல்கிறார்கள். இருந்தும் அதை உற்பத்தி செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேரட்டின் வழியில் வந்தது ஃபிளவர்ஹார்ன். 1990களில் மலேசியாவிலும் தைவானிலும் பேரட்டையும் வேறு பல மத்திய அமெரிக்க சிக்லிட்களையும் கலந்து உருவாக்கினார்கள். நெற்றியில் பெரிய புடைப்பு, பக்கவாட்டில் சீன எழுத்துப் போன்ற கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் அதிர்ஷ்ட எண் தெரிந்தால் விலை எங்கேயோ போகும். நம் ஊரிலும் அதை வாஸ்து மீன் என்று வரவேற்பறையில் வைத்தவர்கள் ஏராளம். உடல் நலத்தில் இது பேரட்டைவிடப் பல மடங்கு மேல்: வாய் சரியாக இருக்கிறது, நன்றாகத் தின்கிறது, பல வகைகள் இனப்பெருக்கமும் செய்கின்றன. அதனால்தான் இங்கே ஆபத்து வேறு பக்கம் திரும்புகிறது. மோகம் தணிந்ததும் தின்று கொழுத்த முரட்டு மீனை வைத்துப் பராமரிக்க முடியாதவர்கள் அதை ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் விட்டார்கள். சிங்கப்பூர், மலேசிய நீர்நிலைகளில் அது தானே பெருகி நிற்கிறது. ஆஸ்திரேலியா அதன் இறக்குமதியைத் தடை செய்தது. மலட்டுக் கலப்பினம் வளர்ப்பவர் தொட்டியோடு முடிந்துபோகும். வளமான கலப்பினம் அங்கே முடியாது.

கலப்பினம் இயற்கைக்கு விரோதம் என்ற வாதத்தை இங்கேயே தீர்த்துவிடலாம், ஏனென்றால் அது நிற்காது. தங்கமீனின் மரபணுத் தொகுதியை 2019இல் படித்தவர்கள், அதன் மூதாதை சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு வெவ்வேறு மீன் மரபுகள் ஒன்றுகலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து உருவானது என்று காட்டினார்கள். மெக்சிகோ, டெக்சஸ் பகுதிகளில் வாழும் அமேசான் மோலி முழுக்க முழுக்கப் பெண்களால் ஆன சிற்றினம். இரண்டு மோலி இனங்களின் கலப்பில் பிறந்தது அது. உறவு இன ஆணின் விந்து முட்டையைத் தூண்டினால் போதும், தந்தையின் மரபணு சேராமலே தாயின் நகல்களாகக் குட்டிகள் பிறக்கும். 1932இல் ஹப்ஸ் தம்பதியர் இதை வெளியிட்டபோது, முதுகெலும்புள்ள உயிரினத்தில் இப்படி ஒன்று அதுவரை அறியப்பட்டதில்லை.

இவற்றைவிட என்னை ஆழமாகப் பாதித்தது ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. அந்த ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக்கிடந்து மீண்டும் நிரம்பியது. அதற்குப் பிறகு அங்கே 500க்கும் மேற்பட்ட சிக்லிட் சிற்றினங்கள் உருவாயின. உயிரியல் கணக்கில் இது கண்மூடித் திறக்கும் நேரம். இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 2017இல் ஒரு விடை கிடைத்தது. சுமார் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன், காங்கோ பக்கத்திலிருந்து வந்த சிக்லிட் மரபும் நைல் மேல்பகுதி மரபும் அந்த வட்டாரத்தில் சந்தித்துக் கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பு கொடுத்த மரபணு வளமே பின்னால் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பிரிய மூலதனமாயிற்று. கண்ணில் சிவப்பு ஒளியை உணரும் நிறமிக்கான மரபணுவின் இரு வடிவங்களும் இரு மரபுகளிலிருந்து வந்து சேர்ந்தவை என்பது அந்த ஆய்வின் முக்கியமான செய்தி.

அந்தக் கண்தான் இனங்களைப் பிரித்தும் வைக்கிறது. விக்டோரியா ஏரியின் புண்டமிலியா மீன்களில் ஒன்றின் ஆண் நீலம், இன்னொன்றின் ஆண் சிவப்பு. சிவப்பு இனத்துக்கு தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரேரேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். தெளிந்த நீரில் பெண் தன் இனத்து ஆணைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறது. ஓலே சீஹௌசனும் அவருடைய கூட்டாளிகளும் சோதனைத் தொட்டியில் நிறம் தெரியாத ஒற்றை வண்ண விளக்கைப் போட்டபோது பெண்களுக்குத் தேர்வு குழம்பியது. ஏரியிலும் அதுவே நடந்திருக்கிறது என்று 1997இல் எழுதினார்கள். கரையோரக் காடு அழிந்து, உரமும் கழிவும் சேர்ந்து, நீர் கலங்கிய இடங்களில் இரு இனங்களின் எல்லை மங்கிக் கலப்பு மீன்கள் பெருகின. தெளிந்த நீருள்ள தீவுகளைச் சுற்றி இரண்டும் தனித்தனியாகவே இருந்தன.

ஆக, கலப்பு உருவாக்கியதும் உண்டு, கலப்பு அழித்ததும் உண்டு, இரண்டும் ஒரே ஏரியில். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. கலந்தபின் பிரிந்து வளர லட்சம் ஆண்டும், புதிதாக நிரம்பிய ஏரியின் வெற்றிடங்களும் இருந்தபோது கலப்பு வளமாயிற்று. நீர் கலங்கிச் சில பத்தாண்டுகளில் எல்லை அழிந்தபோது இருந்த இனங்களும் போயின. நம் வீட்டுத் தொட்டி எந்த வகை என்று கேட்டால், அது கலங்கிய நீருக்குத்தான் நெருக்கம். நான்கு அடித் தொட்டியில் ஒரு பெண்ணுக்குத் தன் இனத்து ஆண் இல்லாமல் வேற்றினத்து ஆண் மட்டும் இருந்தால் அதற்குத் தேர்வே கிடையாது.

மலாவி ஏரி மீன்கள் வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பீக்காக் என்று விற்கும் ஔலோனோகாரா மீன்களில் ஆண்கள் நீலமும் மஞ்சளும் சிவப்புமாக ஜொலிக்கும். பெண்கள் எல்லா இனத்திலும் சாம்பல் பூசிய பழுப்பு. ஐந்து இனத்துப் பெண்களைப் பாலித்தீன் பையில் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தால் தேர்ந்த கண்ணாலும் பிரிக்க முடியாது. முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும் மீன்கள் இவை. ஒரு பெண் வாய் நிறையக் குஞ்சுகளோடு ஒதுங்கி நிற்கும்போது தந்தை யார் என்று சொல்ல வழியில்லை. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஆண்களில் நிறம் ஏற மாதங்கள் ஆகும், அதற்குள் பெண்கள் நான்கைந்து வீடுகளுக்குப் போய்விட்டிருக்கும். அதே ஏரியின் மும்புனா என்ற மீன்களின் ஆரஞ்சுத் திட்டுகளைப் பீக்காக் உடம்பில் ஏற்றி உருவாக்கிய ‘ஓபி பீக்காக்’ வெளிப்படையான கலப்பினம், பார்த்தாலே தெரியும். அதனால் பெரிய கேடில்லை. கேடு விளைவிப்பது எந்த அடையாளமும் இல்லாத சாம்பல் நிறக் கலப்புப் பெண், கலப்பில்லாத இனத்தின் பெயரோடு விற்கப்படும்போதுதான்.

விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்ற பெரிய இரைதின்னி மீனை 1950களில் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகியபின் சுமார் 200 சிக்லிட் இனங்கள் மறைந்தன அல்லது மறையும் நிலைக்கு வந்தன. அவற்றில் சில இன்று காட்சிசாலைகளிலும் தனியார் தொட்டிகளிலும் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அப்படி ஓர் இனத்தைக் கலந்துவிட்டால் திரும்ப எடுக்க ஆறோ ஏரியோ கிடையாது. கலக்கக் கூடாத மீன் என்று நான் சொல்வது இவற்றை. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கேர்ஸ்’ திட்டம் இப்படி ஆபத்திலுள்ள மீன்களைப் பட்டியலிட்டு, அவற்றை மீன் வளர்ப்போர் சங்க உறுப்பினர்களின் தொட்டிகளில் கலப்பில்லாமல் காக்க முயல்கிறது.

இந்த முயற்சிகளெல்லாம் வெறும் ஆசை என்று நினைப்பவர்களுக்கு மெக்சிகோவின் தெக்கிலா மீன் பதில். தெக்கிலா எரிமலையின் அடிவாரத்தில் தெயுச்சித்லான் ஆற்றில் மட்டும் வாழ்ந்த சுண்டுவிரல் நீள மீன் அது. 1998இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது. மாசும், வெளியிலிருந்து வந்த மீன்களும் சேர்ந்து 2003 வாக்கில் ஆற்றிலிருந்து அதை இல்லாமலாக்கின. ஆனால் 1998இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலை, ஓர் ஆர்வலரிடமிருந்து ஐந்து ஜோடிகளை வாங்கி மெக்சிகோவின் மிச்சோவாகான் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தது. அங்கே அவற்றைப் பெருக்கி, 2012இல் 40 ஆண், 40 பெண் மீன்களைச் செயற்கைக் குளங்களில் விட்டு, தானே இரை தேடவும் எதிரியைக் கண்டு ஒதுங்கவும் பழக்கி, பின்னர் ஆற்றில் விட்டார்கள். ஆற்றங்கரை ஊர்மக்கள் நீரைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். 2021இல் அந்த மீன் ஆற்றில் பெருகிப் பரவுகிறது என்று அறிவித்தார்கள். அந்த ஆர்வலர் தன் தொட்டியில் அதைக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் உறவு மீனோடு கலந்து வைத்திருந்தால் ஆற்றில் விட எதுவும் மிஞ்சியிருக்காது.

இதே கதையில் கலப்பினத் தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது. ஐந்து ஜோடி என்பது மிகச் சின்ன அடித்தளம். நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைசேர்ந்தால் குறைகள் வெளிவரும், குட்டி எண்ணிக்கை குறையும், நோய் எதிர்ப்பு தளரும். தலைமுறை கணக்கில் ஒரே வரிசையில் வளர்த்த கப்பிகளும் ஏஞ்சல்களும் நலிவதைப் பார்க்காத வளர்ப்பாளர் இல்லை. புது ரத்தம் சேர்க்காவிட்டால் வரிசை செத்துவிடும் என்று அவர்கள் சொல்வது அனுபவ உண்மை. எதிர்ச் சான்றும் உண்டு: மைரன் கோர்டன் 1930களில் தொடங்கி இன்று டெக்சஸின் சான் மார்கோஸில் இயங்கும் வாள்வால், பிளாட்டி மரபு மையத்தில் ஒரு பிளாட்டி வரிசை நூறு தலைமுறைக்கு மேல் நெருங்கிய உறவுக்குள்ளேயே வளர்க்கப்பட்டு வருகிறது. ஆனால் அதன் பின்னால் ஓர் ஆய்வகத்தின் முழு உழைப்பு இருக்கிறது, வீட்டுத் தொட்டிக்கு அது முன்மாதிரி ஆகாது. வீட்டில் வளர்ப்பவர் செய்யக்கூடியது, அதே இனத்தை வளர்க்கும் வேறொருவரோடு மீன்களைப் பரிமாறிக்கொள்வது. புது ரத்தம் வேண்டும் என்பதற்கும் வேற்றினம் வேண்டும் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை இந்த விவாதத்தில் பலர் கவனிப்பதில்லை.

அதே இனம் என்றால் எந்த அளவுக்கு அதே இனம்? கில்லி மீன் வளர்ப்போர் இதில் மிகக் கறார். மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் பிடித்த மீனின் பெயரோடு பிடித்த இடமும் ஆண்டும் குறியீடாகச் சேர்ந்தே கைமாறும். பக்கத்து ஓடையின் அதே பெயருள்ள மீனோடும் சேர்க்க மாட்டார்கள். இது வீண் பிடிவாதம் இல்லை. டென்மார்க்கின் ஜோர்கன் ஷீல் இந்த மீன்களின் குரோமோசோம்களைப் படித்து, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் கூட்டங்களுக்குள்ளேயே குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவதைக் காட்டினார். கண்ணை நம்பிக் கலந்தவர்களின் தொட்டியில் மலட்டுக் குஞ்சுகள் பிறந்தது அதனால்தான்.

கப்பி உலகில் என்ட்லர் என்ற சின்னஞ்சிறு மீனைச் சுற்றி நடந்தது இதைவிட நடைமுறைக்கு உகந்தது. வெனிசுவேலாவில் குமானா ஊருக்கு அருகிலுள்ள லகூனா தெ லோஸ் பாத்தோஸில் 1975இல் ஜான் என்ட்லர் அதைச் சேகரித்தார். 1937இலேயே ஃபிராங்க்ளின் பாண்ட் என்பவர் பிடித்திருந்தது பிறகு தெரிந்தது. 2005இல் தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றது. சாதாரணக் கப்பியோடு அது தடையின்றிக் கலக்கும், பிறக்கும் குட்டிகளும் வளமாகவே இருக்கும். கடைகளில் என்ட்லர் என்று விற்பதில் பெரும்பகுதி அந்தக் கலப்பு. இதற்கு வளர்ப்போர் ஒரு முறை வகுத்தார்கள். பிடித்த இடம் வரை பதிவுள்ள மீனுக்கு ‘என்’ (N) வகுப்பு. அதே மாதிரி இருக்கிறது, ஆனால் பதிவு இல்லை என்றால் ‘பி’ (P) வகுப்பு. கலப்பு என்று தெரிந்தால் ‘கே’ (K) வகுப்பு. யாரும் யாரையும் தடுக்கவில்லை. பளிச்சிடும் கே வகுப்பு மீன் வேண்டுபவர் அதை வாங்கலாம், லகூனாவின் வரிசையைக் காப்பவர் ‘என்’ வகுப்பு மீனைத் தனியே வைத்துக்கொள்ளலாம். பி வகுப்பை எனக்கு மிகவும் பிடிக்கிறது. கலப்பில்லாததாகவே இருக்கலாம், ஆனால் காகிதம் இல்லை, அதனால் அப்படிச் சொல்ல மாட்டோம் என்ற நேர்மை அதில் இருக்கிறது.

ஃபைட்டர் மீனுக்கு இதே நேர்மை இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது. 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வின்படி, தாய்லாந்தின் ஃபைட்டர் வளர்ப்பு மீனாகிக் குறைந்தது 1,000 ஆண்டுகள் ஆகின்றன. அலங்கார ஃபைட்டரின் உடம்பில் பெரும்பகுதி பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ் என்ற இனத்தினுடையது, சிலவற்றில் உறவு இனங்களின் பங்கும் கலந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டு வளர்ப்பு மீனை இனிப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்க நினைப்பதில் பொருளில்லை, அதன் அழகும் அந்தக் கைவேலையில்தான் இருக்கிறது. கவலை மறுபக்கத்தில்: காட்டில் பிடித்த மீன்கள் சிலவற்றிலும் வளர்ப்பு மீனின் மரபணு நுழைந்திருப்பதை அதே ஆய்வு கண்டது. பாங்காக்கை அடுத்த கடலோர உப்பங்கழிகளில், நிப்பா பனைகளுக்கு இடையே மட்டும் வாழும் பெட்டா மஹாசாய்யென்சிஸ் 2012இல்தான் பெயர் பெற்றது. தொழிற்சாலைகள் அதன் இடத்தைச் சுருக்கிவருகின்றன. உலோகப் பச்சை மினுக்குக்காக அதை வளர்ப்பு மீன்களோடு கலந்து விற்கிறார்கள். தொட்டிக்குள் அது நடந்தால் பெயர்ச்சீட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். வேண்டாத குஞ்சுகளை அந்தக் கழிகளில் கொட்டினால் சமாளிக்க முடியாது.

நம் பக்கமும் இதற்கு விலக்கில்லை. தொட்டிப் பாசி தின்னும் என்று பல வீடுகளில் வாங்கும் சக்கர் மீன், தென்னமெரிக்காவின் கவசக் கெளுத்தி. வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும் குளங்களில் விடப்பட்டு, இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மீனவர் வலையில் தேவையில்லாமல் ஏறி வலையைக் கிழிக்கிறது. தைவானில் பரவிய இதே மீன்களைச் சோதித்தபோது அவை இரண்டு சிற்றினங்கள் கலந்தவையாக இருக்கலாம் என்று தெரிந்தது. தாயகத்தில் வெவ்வேறு பகுதிகளில் வாழ்ந்த மீன்களை வணிகம் ஒரே குளத்தில் சந்திக்க வைத்துவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மீனான மிஸ் கேரளாவின் நிலை இன்னும் நெருக்கமாகக் கவனிக்கத்தக்கது. கறுப்புக் கோட்டுக்கு மேல் செங்கோடு ஓடும் இந்த மீனுக்கு 1865இல் பிரான்சிஸ் டே பெயரிட்டார். 1999இல் சாலக்குடி ஆற்றிலிருந்து, கிட்டத்தட்ட அதே தோற்றமும் முதுகுத் துடுப்பில் கறுப்புத் திட்டும் உள்ள இன்னோர் இனம் விவரிக்கப்பட்டது. வணிகத்தில் இரண்டும் ஒரே பெயரில் போயின. 2013இல் வந்த மரபணு ஆய்வு, இந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் ஆற்றுக்கு ஆறு நெடுங்காலம் பிரிந்துபோன பல மரபுகள் இருப்பதைக் காட்டியது. ஆறுகளில் இந்த மீன் அருகிவருகிறது, வளர்ப்பகங்களில் பெருகுகிறது. பொன்னிற வகைகூடச் சந்தைக்கு வந்துவிட்டது. வளர்ப்பகக் குஞ்சு காட்டு மீன் பிடிப்பைக் குறைக்கும் என்பதால் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தக் குஞ்சுகளின் தாய்மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்ற குறிப்பு விற்பனைத் தொட்டிவரை வருவதில்லை. நாளை ஓர் ஆற்றில் இந்த மீன் அற்றுப்போய், வளர்ப்பகத்திலிருந்து கொண்டுபோய் விடலாம் என்று யாராவது நல்லெண்ணத்தோடு கிளம்பினால், எந்த ஆற்றின் மீனை எந்த ஆற்றில் விடுகிறோம் என்று அவருக்குத் தெரிய வழியிருக்காது. தாய்மீன் வாங்கிய அன்றே ஆற்றின் பெயரையும் ஆண்டையும் ஒரு நோட்டில் எழுதி, குஞ்சோடு அந்த வரியையும் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். ஆறு தெரியாத மீன் என்றால், தெரியாது என்று எழுதினாலே போதும்.